அவசரக்காரிக்கு ஒரு ரொட்டி

கார்க்,
அயர்லாந்து.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது.  

போனில் சொல்லாமல் என்னத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று யோசிப்பாய். நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பாதி மிக்ஸி சத்தம். மீதியிலிருந்து புரிந்துகொண்டது இது: மருமகள் இந்த லீவுக்குப் பேக்கிங் கற்றுக்கொள்ளப் போகிறாள். அத்தான் ஓவன் வாங்கி வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து அதன் தலையில் இட்லிக் கொப்பரை உட்கார்ந்திருக்கிறது, வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. "நீதான் வெள்ளைக்காரன் ஊர்ல இருக்கியே, புள்ளைக்கு என்ன செய்யணும்னு சொல்லுலே" என்று முடித்திருக்கிறாய். போனில் சொன்னால் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். காகிதம் என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டலாம்.

ஓவனைப் பற்றி நீ வெட்கப்படவே வேண்டாம். இங்கே எந்த வாடகை வீட்டுக்குப் போனாலும் சமையலறையில் ஓவன் இருக்கும். நம்ம ஆட்கள் குடிவந்ததும் அதற்குள் வாணலி, தோசைக்கல், குக்கர் மூடி, ஊரிலிருந்து கொண்டுவந்த இடியாப்ப உழக்கு எல்லாவற்றையும் அடுக்கிவிடுவார்கள். யாராவது பீட்சா சுடலாம் என்று ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடம் வீடு காலி பண்ணுகிற வேலைதான். உன் வீட்டில் பாத்திரம் ஓவனுக்கு மேலே, எங்கள் வீட்டில் உள்ளே.

மருமகள் முதலில் செய்ய ஆசைப்படுவது ரெட் வெல்வெட் கேக்காமே! இரண்டு அடுக்கு, மேலே ரோஜாப் பூ ஐசிங். அக்கா, அதை மட்டும் முதலில் செய்ய விடாதே. புதிதாக ஓவன் வாங்குகிறவர்கள் எல்லோரும் கேக்கில்தான் கை வைக்கிறார்கள். வெண்ணெயும் சீனியும் வெளுக்கும்வரை அடிக்கணும், முட்டையைத் திரியாமல் சேர்க்கணும், அடித்து ஏற்றிய காற்று போகாமல் மாவைக் கலக்கணும், வேகும்போது பாதியில் கதவைத் திறக்கக்கூடாது. இதில் ஒன்று தப்பினாலும் நடுவில் குழி. அது பொறுமைசாலிகளின் பண்டம். நம்ம குடும்பத்தில் பால் பொங்கும்வரை பக்கத்தில் நின்றவர் யார், சொல்லு பார்ப்போம்.

அவளுக்கு ஏற்றது இந்த நாட்டு சோடா பிரெட். அவசரமாகச் செய்தால்தான் அது நன்றாக வரும். ஈஸ்ட் கிடையாது, ஊறவைப்பது கிடையாது, பிசைவது கிடையாது. மாவு, உப்பு, ஆப்பசோடா, மோர், அவ்வளவுதான் சாமான். முட்டை இல்லாததால் அத்தையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆமாம், மோர்தான். கார்க் வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை இங்கேதான் இருந்தது. ஷாண்டன் பகுதியில் வெண்ணெய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். வெண்ணெய் ஊருக்கெல்லாம் கப்பலேறிப் போனது, கடைந்த வீட்டில் மோர் தங்கியது. இந்த ஈரக் காற்றில் விளையும் கோதுமை மென்மையானது. பசைத்தன்மை குறைவு என்பதால் ஈஸ்ட் போட்டு உப்பவைக்கும் ரொட்டிக்கு அவ்வளவாகத் தோதுப்படாது. ஏழை வீடுகளில் ஓவனும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சோடா மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், மோரின் புளிப்பையும் சோடாவையும் சேர்த்து ரொட்டியை உப்பவைத்துவிட்டார்கள். மூன்று கால் வைத்த இரும்புச் சட்டிக்குள் மாவை வைத்து, நெருப்பின் மேல் தொங்கவிட்டு, மூடிமேலும் தணலை அள்ளிப் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். அதனால் ஓவன் வாங்கிய பெருமையை அத்தான் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுக் கிழவி. எண்பது வயதைத் தாண்டியவர், மேற்கு கார்க் விவசாயக் குடும்பம். அளவு கேட்டால் உன் மாமியார் சொல்கிற மாதிரியேதான் சொல்வார்: "வேண்டிய அளவு." அவர் கையை நிறுத்தி நிறுத்தி நான் தராசில் போட்டுப் பார்த்த கணக்கு இது. உன் ஓவன் சின்னது என்பதால் பாதி அளவாகத் தருகிறேன்.

மைதா 225 கிராம். உப்பு அரை டீஸ்பூன். ஆப்பசோடா அரை டீஸ்பூன், தலைதட்டி. குவித்துப் போட்டுவிட்டால் ரொட்டி சோப்பு மாதிரி கசக்கும். கட்டியில்லாமல் சலித்துப் போடச் சொல், இல்லையென்றால் ரொட்டியில் அங்கங்கே மஞ்சள் திட்டு விழும். மோர் 175 முதல் 200 மில்லி. இங்கே டப்பாவில் விற்கும் மோர் கெட்டியாக, நன்றாகப் புளித்திருக்கும். நீ அத்தானுக்குக் கொடுக்கும் நீர்மோர் இதற்கு ஆகாது. கொஞ்சம் புளித்த தயிரில் கால்பங்கு தண்ணீர் விட்டு அடித்தால் சரியாக இருக்கும். கறிவேப்பிலை, பெருங்காயம் வேண்டாம். பாதி மைதா, பாதி கோதுமை மாவு போட்டால் பழுப்பு ரொட்டி வரும். கோதுமை மாவு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், மோரையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளணும்.

முக்கியமான விஷயம்: முதலில் ஓவனைச் சூடாக்கிவிட்டுத்தான் மோர் பாட்டிலைத் தொடணும். மோர் பட்ட நொடியிலேயே சோடா நுரைத்து வாயுவை வெளிவிட ஆரம்பித்துவிடும். அந்த வாயு மாவுக்குள் இருக்கும்போதே வெப்பம் பட்டாகணும். மாவைக் கலக்கிவிட்டு இன்ஸ்டாகிராமில் போடப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் ரொட்டி தட்டையாகிவிடும். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு சுற்று சுற்றினால் மாவு சேர்ந்துவிடும். அதற்கு மேல் பிசையக்கூடாது. சப்பாத்திக்குப் பிசைந்த உன் கைக்கு இது பெரிய தவம். அருகில் நிற்காதே, கை தானாகப் போகும். பிசையப் பிசையப் பசை இறுகி ரொட்டி கல்லாகிவிடும்.

மேலே மாவு தூவி உருட்டி, இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தட்டி, கத்தியால் மேலே ஆழமாக ஒரு கூட்டல் குறி போடணும். நான்கு மூலையிலும் கத்தி நுனியால் ஒரு குத்து. உள்ளே இருக்கும் தேவதைகள் வெளியே போவதற்கு வழி என்று கிழவி சொல்கிறார். தேவதைகள் போகட்டும், அந்த வெட்டு வழியாக வெப்பம் நடுப்பாகத்துக்குப் போகும், வெந்த பிறகு கையால் நான்காகப் பிய்க்கவும் வசதி. 230 டிகிரியில் பத்து நிமிடம், பிறகு 200க்குக் குறைத்து இன்னும் இருபது நிமிடம். வெளியே எடுத்துத் திருப்பி, அடியில் விரலால் தட்டிப் பார்க்கச் சொல். சந்தையில் மண்பானை வாங்கும்போது நீ தட்டிப் பார்ப்பாயே, அந்த மாதிரி உள்ளே வெறுமையாக ஒலித்தால் வெந்துவிட்டது. மந்தமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று நீ கேட்பதற்கு முன்னே சொல்லிவிடுகிறேன். இதே மாவை இன்னும் மெல்லிசாகத் தட்டி, நான்காக வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இலேசான தீயில் இரண்டு பக்கமும் பொறுமையாக வாட்டணும். வட அயர்லாந்தில் சோடா ரொட்டியைக் கல்லில்தான் சுடுவார்கள். காலையில் முட்டையோடு அது இல்லாமல் அவர்களுக்குப் பொழுது விடியாது.

மருமகள் சீனி போடலாமா என்று கேட்பாள். போடக்கூடாது. இந்த ஊரில் அது சட்ட விவகாரம். சாண்ட்விச் விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் இங்கே கடை நடத்தியவர்கள் போட்ட வழக்கில், மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சீனி இருந்தால் வரிவிலக்குக்கு அது ரொட்டி ஆகாது என்று 2020இல் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர்கள் ரொட்டியில் 10 சதவீதம் இருந்ததாம். நீதிபதிகள் உட்கார்ந்து ரொட்டியின் இனிப்பைப் பற்றிப் பேசும் நாட்டுக்கு உன் தம்பி வந்து சேர்ந்திருக்கிறான்.

இனிப்பு கேட்டு அடம்பிடித்தால் அதற்கும் அடிக்காத, பிசையாத பண்டம் ஒன்று இருக்கிறது: தேநீர் பிராக். முதல் நாள் ராத்திரி 350 கிராம் திராட்சையை 300 மில்லி கடுங்காப்பி நிறத்துப் பால் சேர்க்காத தேநீரில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கலாம். காலையில் ஒரு முட்டை, 150 கிராம் நாட்டுச் சர்க்கரை, 250 கிராம் மைதா, இரண்டரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டுக் கரண்டியால் கலக்கி, நீள டின்னில் ஊற்றி 170 டிகிரியில் ஒரு மணி நேரம். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வரணும். ஒரு சொட்டு வெண்ணெய் வேண்டாம், தின்னும்போது வேண்டுமானால் தடவிக்கொள்ளலாம். நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் உடன்குடி கருப்பட்டியைச் சீவிப் போட்டால் இந்த ஊர்க்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்கு, பார்ம்பிராக் என்று இதன் சொந்தக்காரப் பண்டம் கடைக்கு வரும். உள்ளே ஒரு மோதிரம் இருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம். அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதே, ஜாதகத்தை எடுத்துவிடுவார். பிள்ளை படிக்கட்டும்.

மூன்றாவது ஷார்ட்பிரெட். ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. சீனி 50 கிராம், வெண்ணெய் 100, மைதா 150. ஒன்று, இரண்டு, மூன்று, கணக்கில் தப்பவே முடியாது. கலந்து, தட்டி, முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரியில் வெளிறிய நிறத்திலேயே எடுத்துவிடணும். நம்ம நெய் பிஸ்கட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

இந்த மூன்றும் அலுத்துப்போன பிறகு கேக். கேக்குக்கு வாங்கும் பேக்கிங் பவுடரைப் பற்றி அத்தானுக்கு ஒரு செய்தி சொல். பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடர் செய்தார். ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது என்று 1843இல் பேக்கிங் பவுடரும் செய்தார். புருஷன் என்றால் அப்படி. ஓவனை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐசிங் பூ போடும் குழாய், ஊசி எல்லாம் இங்கிருந்து வாங்கி அனுப்பச் சொல்லி மருமகள் தனியாகக் கேட்டிருந்தாள். இப்போதைக்கு அனுப்ப மாட்டேன். அளவுக் கரண்டி ஒரு செட்டும், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றும் அனுப்புகிறேன். அந்தச் சின்ன ஓவன்களில் திருகில் 200 என்று போட்டிருந்தால் உள்ளே 200 இருக்கும் என்று நம்பக்கூடாது, வெப்பமானி என்ன சொல்கிறதோ அதைத்தான் நம்பணும்.

அத்தானுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். ரொட்டியின் மேல்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். குறுக்கே வெட்டி உள்பக்கமும் தெரிகிற மாதிரி அனுப்பச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி