அஞ்சடி பெட்

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு நண்பனிடம் ஃபோனில், "பெட் அஞ்சடி போதுமாடா, ஆறடியா எடுத்துடலாமா?" என்று தீவிரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, உங்க உயரமே அஞ்சே முக்கால். காலை எங்க வைப்பீங்க?"

பிக்கப் ட்ரக்கில் சாமான் ஏற்றுகிற பின்பகுதிக்கு இங்கே 'பெட்' என்று பெயர். டென்வரை ஒட்டிய அரோராவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மேற்கு ஜன்னலைத் திறந்தால் ராக்கி மலை. நம் ஊரில் "சாப்டாச்சா?" என்பது மாதிரி, என் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலையில் "எந்த மலைக்குப் போனே?" என்பார்கள். பல வருடம் "வீட்ல கொஞ்சம் வேலை" என்று சமாளித்தேன். நாற்பத்து மூன்றாவது வயதில் ரோஷம் வந்து, ஒரே கோடையில் இரண்டு மலை சைக்கிள், பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு கயாக் படகு என்று தள்ளுபடியில் வாங்கிக் குவித்தேன். இவை எதுவும் எங்கள் காரில் ஏறாது என்பது பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்காகப் பசு வாங்கிய சாமியார் கதைதான். எனக்கு வேண்டிய பசு, நடுத்தர அளவில் ஒரு பிக்கப்.

மனசுக்குள் இருந்தது ஹைலக்ஸ். அமெரிக்காவில் அது கிடையாது. ஏன் என்று தோண்டினால் கோழியில் போய் நின்றது. அறுபதுகளில் அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட, பதிலுக்கு அதிபர் ஜான்சனின் அரசு 1964 முதல் வெளிநாட்டு ட்ரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வரி மட்டும் நிற்கிறது. இந்தக் கதையை நான் சொல்லாத விருந்து எங்கள் வட்டாரத்தில் இல்லை. ட்ரக் வாங்குவதற்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

நான்கு மாதம் எக்ஸெல்லில் உட்கார்ந்தேன். ஹோண்டா ரிட்ஜ்லைன் கார் மாதிரி மெத்தென்று ஓடும். பெட்டுக்கு அடியில் பூட்டுப் போட்ட டிக்கி வேறு உண்டு. ஈர உடுப்பு, ஐஸ் எல்லாம் அதில் போட்டுத் தண்ணீரை வடிய விடலாம். நியாயமாக அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். "பார்த்தா கார் மாதிரி இருக்கே" என்று ஒதுக்கினேன். கார் மட்டுமே ஓட்டத் தெரிந்த ஒருவன் சொன்ன காரணம் இது. நிஸான் ஃப்ரன்டியரின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 310 குதிரைத் திறன். எதற்கு என்று யோசிக்காமல் அதற்கு மூன்று நட்சத்திரம் போட்டேன். ஜீப் கிளாடியேட்டரின் கதவைக் கழற்றலாம் என்றதும், பையன்கள் கழற்றிவிடுவார்கள் என்று பயந்து நீக்கினேன். கொலராடோவில் இருந்துகொண்டு ஷெவர்லே கொலராடோ வாங்கினால் முகவரியை வண்டியில் எழுதி ஒட்டிய மாதிரி இருக்கும் என்று அதுவும் போனது. கடைசியில் வாங்கியது எது என்று சொல்லப்போவதில்லை. வண்டியில் எந்தக் குறையும் இல்லை. அதன் பேரைக் கெடுப்பானேன்.

வாங்கியதற்கு நான் சொன்ன காரணம், 6,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்பது. என்னிடம் இழுக்க எதுவுமே இல்லை. பார்த்திருக்க வேண்டியது பேலோட், அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இதைத் தாண்டக்கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அதில் இருக்கும். ஷோரூமில் அந்தக் கதவை எட்டு முறையாவது திறந்திருப்பேன். ஸ்டிக்கரைப் படித்தது மூன்றாவது மாதம், மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது. என் வண்டிக்கு 1,100 பவுண்டு.

கூட்டிப் பார்த்தேன். நான் 180, மாமனார் 165, பையன்கள் இருவரும் சேர்ந்து 250. ஆசைப்பட்டு பெட்டின் மேல் மாட்டிய ஃபைபர் கூண்டு 180. சைக்கிள்கள் 60, கயாக் 55, புளியோதரையும் தயிர்சாதமும் அடைத்த ஐஸ் பெட்டி 50. மொத்தம் 940. பாக்கி 160. மெதுவாக அடுப்படிக்குப் போய், "உன் வெயிட் எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்ட நேரமும் சரியில்லை, பக்கத்தில் அவள் அப்பா நின்ற இடமும் சரியில்லை. அந்தப் பயணத்துக்கு அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு தனியாகக் காரில் வந்தாள்.

நீளக் கணக்குக்கு வருகிறேன். கராஜ் இருபதடி ஆழம், ட்ரக் பதினேழே முக்கால் அடி. டேப் வைத்து இரண்டு முறை அளந்து, அதற்காகவே ஐந்தடி பெட் எடுத்தேன். ஆறடி பெட் என்றால் முன்னால் ஆள் நுழைய இடமிருக்காது. ஆனால் சைக்கிளுக்காகப் பின்னால் மாட்டிய ரேக் மூன்றடி. அதை ட்ரக்கின் உறுப்பாகவே நான் நினைக்கவில்லை. முதல் நாள் சாயந்திரம் கராஜ் கதவு பாதி இறங்கும், எதையோ கண்டு மிரண்ட மாதிரி மேலே போகும், மறுபடி இறங்கும். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கதவு ரிப்பேர் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அவர் நல்ல மனிதர், டூல் பாக்ஸோடு வந்துவிட்டார்.

முதல் பனிக்கு ஃபோர் வீல் குமிழைத் திருப்பினேன், சந்தோஷமாக இருந்தது. பனி உருகிப் பத்து நாளாகியும் திருப்பி வைக்க நினைவில்லை. காய்ந்த தார் ரோட்டில் இந்த மாதிரி வண்டியை அப்படி ஓட்டக்கூடாது; வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் உருள வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். கார் பார்க்கிங்கில் திரும்பும்போதெல்லாம் அடியில் யாரோ உதைப்பது மாதிரி சத்தம். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, குமிழை இடது பக்கம் திருப்பிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும்.

கயாக்கைத் தண்ணீருக்குக் கொண்டுபோன கதையைத் தவிர்க்கப் பார்த்தேன், முடியாது. பெட்டின் பின்கதவான டெயில்கேட்டை இறக்கி வைத்தும் ஐந்தரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டைத் தாண்டி நான்கடிக்கு மேல் நீட்டினால் பகலில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். வீட்டில் சிவப்பாக எதுவும் கிடைக்கவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், நவராத்திரிக்கு நவராத்திரி வீடு வீடாகச் சுற்றுகிற ரவிக்கைத் துணிகள் இருந்தன. அரக்குச் சிவப்பில் ஒன்றை உருவி, படகின் வாலில் கட்டிக்கொண்டு செர்ரி க்ரீக் ஏரிக்குக் கிளம்பினேன். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அக்கா.

"தம்பி, இது போன கொலுவுக்கு நான் வச்சுக் கொடுத்ததுதானே?"

சிக்னல் பச்சையாக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவமானத்தில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால், ராட்செட் பட்டையைப் பல் பல்லாக முறுக்கிக் கட்டியதில், வெயிலில் இளகின பிளாஸ்டிக் படகின் வயிற்றில் ஒரு பள்ளம். கையால் இழுத்துக் கட்டுகிற சாதாரணப் பட்டையே போதும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். படகு இன்றைக்கும் நேராகப் போகாது, இடது பக்கம் இழுக்கும்.

இரண்டு வருடக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கயாக் தண்ணீரைத் தொட்டது இரண்டு தடவை. நண்பர்கள் வீடு மாறச் சுமந்த சோபா ஏழு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு தெர்மாகோல் கோபுரம், பொங்கலுக்குக் கரும்புக் கட்டு தனி. படகு கராஜுக்குள் குறுக்கே தொங்குவதால் ட்ரக் வெளியே நிற்கிறது. போன ஜூனில் ஆலங்கட்டி மழை கொட்டியதில் பானெட் முழுக்க அம்மைத் தழும்பு. உள்ளே படகு பத்திரமாக இருந்தது.

நேற்று நண்பன் கூப்பிட்டான். "மச்சான், சனிக்கிழமை ஃப்ரீயா? ஒரு குயின் சைஸ் பெட் இருக்கு. உன் பெட்ல போகுமா?"

"ஆறடி எட்டு அங்குலம். டெயில்கேட்டை இறக்கினா தாராளமா போகும். பெட்டுக்கு வெளியே ஒண்ணே முக்கால் அடிதான், கொடி கட்ட வேண்டாம்," என்றேன் யோசிக்காமல், ஒரு நிபுணனின் குரலில்.

உள்ளே பீரோ பூட்டப்படும் சத்தம் கேட்டது.