பேச்சிலர் இலக்கணம்: கராமா வீட்டின் ஓர் உள்ளறையை முன்வைத்து

பாயிரம்

நூல் எதுவானாலும் முன்னால் ஒரு பாயிரம் நிற்கவேண்டும் என்பது நன்னூலார் காலத்து ஏற்பாடு. அதை மீற நமக்குத் துணிவில்லை. ஆக்கியோன், துபாய் கராமாவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் குடியிருப்பவன்; மனைவி ஒருவர், பிள்ளைகள் இருவர். எல்லை, வடக்கே ஃப்ரிட்ஜ், தெற்கே பொதுக் குளியலறை. நுதலிய பொருள், ஓர் அறையை வெளியாள் ஒருவருக்கு விட்டது. கேட்போர், அடுத்த அறையில் இருப்பவர். வேண்டாம் என்றாலும் கேட்கிறது. பயன், ஒன்றாம் தேதி கைக்கு வரும் 2,500 திர்ஹம்.

1. சொல்லும் பொருளும்

பேச்சிலர் என்றால் மணமாகாதவன் என்று அகராதி சொல்லும். வளைகுடாத் தமிழில் அது பொருள் திரிந்து, மனைவியை ஊரில் விட்டு வந்தவனைக் குறிக்கலாயிற்று. மூன்று பிள்ளை பெற்று, மூத்தவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருப்பவரும் இங்கே பேச்சிலரே. இது காரணப்பெயரோ எனின், ஆம், காரணம் சம்பளம். அமீரகத்தில் 2019 முதல் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். குவைத் 2024இல் 800 தினார் கேட்டது. அந்தக் கோட்டைத் தாண்டியவரையும் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் வழியிலேயே மறித்துத் திரும்பவும் பேச்சிலர் ஆக்கிவிடும்.

இப்பிரிவினை வெறும் பேச்சுவழக்கு அன்று. குடும்பங்கள் வாழும் பகுதியில் தொழிலாளர் கூட்டாகத் தங்குவதைக் கத்தார் 2010ஆம் ஆண்டின் 15ஆம் எண் சட்டத்தால் தடுத்திருக்கிறது. திணை இரண்டு, உயர்திணையும் அஃறிணையும் என்பது ஊர் இலக்கணம். இங்கேயும் திணை இரண்டுதான்: ஃபேமிலி, பேச்சிலர்.

பேச்சிலரின் உட்பிரிவு மூன்று என்பது விளக்குக் கம்பத்தில் ஒட்டிய காகிதங்களால் அறியப்படும். வெறும் பேச்சிலர், டீசன்ட் பேச்சிலர், எக்ஸிகியூட்டிவ் பேச்சிலர். முதலாமவர் பெட் ஸ்பேஸ் தேடுகிறார். மூன்றாமவரும் பெட் ஸ்பேஸ்தான் தேடுகிறார், ஆனால் ரூம் என்று சொல்லித் தேடுகிறார். டீசன்ட் என்பது ஆளின் பண்பு அன்று. காகிதம் ஒட்டியவரின் வேண்டுதல்.

இடத்தின் உட்பிரிவும் மூன்று. கட்டில் ஒன்று மட்டும் நமதானால் பெட் ஸ்பேஸ். அதிலும் மேல்கட்டிலுக்கு வாடகை குறைவு, மின்விசிறிக்குத் தலை அருகு. ஹாலில் பலகை நிறுத்திப் பிரித்தால் பார்ட்டிஷன். 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் இந்தப் பலகைகளைக் கழற்ற வைத்தது. தீப்பிடித்தால் ஓட வழியிருக்காது என்பது அதன் கவலை. கல்சுவர் நான்கும் கதவொன்றும் உடையது அறை. நம் ஆய்வு இதைப் பற்றியதே.

2. காரணவியல்

விருந்தோம்பலால் அறை விடப்பட்டது என்பர் சிலர். அது பொருந்தாது. துபாயில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வரும். வாடகையோ பின்தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே எழுதி வாங்கப்படும். நமக்கு நான்கு செக். ஆகவே தூக்கம் ஆண்டுக்கு நான்கு முறை கெடும். தவிர, டெவா பில்லில் மின்சாரம், தண்ணீரோடு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணம் என்று பன்னிரண்டு கூறாகப் பிரிந்து வந்து உட்கார்ந்திருக்கும். உள்ளறைக்காரர் என்பவர், ஆழ்ந்து நோக்கின், நான்காவது செக்கின் மனித வடிவம்.

சட்டமும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம், 24ஆம் பிரிவு: உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி வாடகைக்காரர் உள்வாடகைக்கு விடலாகாது. விட்டால் இருவருக்கும் வெளியே வழி. ஆகவே எழுதி வாங்கினோம். 2022 முதல் கூட இருப்பவர் பெயரையும் செயலியில் பதியவேண்டும்; பதிந்தோம். வாடகை ஒப்பந்தப் பதிவுக்கு இங்கே இஜாரி என்று பெயர். அரபியில் ‘என் வாடகை’ என்று பொருள். எவ்வளவு நேர்மையான சொல்! வாடகைதான் என்னுடையது, வீடு அன்று.

3. நேர்காணல் முறையியல்

இங்கே ஒரு தன்வரலாற்றுக் குறிப்பு அவசியமாகிறது. ஆக்கியோன் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். ஏழு குடித்தனம், ஒரு குழாய். வீட்டுக்காரர் இரவு ஒன்பதுக்கு முற்றத்து விளக்கை அணைப்பார். மொட்டைமாடிச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். அப்படியொரு மனிதனாக ஒருநாளும் ஆவதில்லை என்று பத்து வயதில் செய்த சபதம் ஒன்று உண்டு.

நேர்காணலுக்கு நாம் தயாரித்த கேள்விகள் பதினான்கு. சமைப்பீர்களா, சிகரெட் உண்டா, நைட் ஷிஃப்டா, நண்பர்கள் வருவார்களா, மீன் பொரிப்பீர்களா. முதல் கேள்வி மட்டும் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் பொது: சொந்த ஊர் எது? விடை வந்ததும், ‘அங்கே எந்தப் பக்கம்?’ இந்த இரண்டாம் கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். கடல் தாண்டியும் அது நனையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கணக்காளர் ஒருவர் தேறினார். மீன் கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்கி, “பொரிக்க மாட்டேண்ணே” என்றார். கடலோரத்துக்காரர் வாயில் அந்த வாக்கியம் எவ்வளவு கனத்திருக்கும் என்பதை அன்று நாம் அளக்கவில்லை.

4. கண்டறிந்தவை

(அ) குளியலறை. காலை 6:15 முதல் 7:00 வரை உள்ள நாற்பத்தைந்து நிமிடம்தான் ஒரு குடும்பத்தின் உண்மையான சொத்து. பள்ளிப் பேருந்தும் கம்பெனி வண்டியும் ஒரே நேரத்தில் வருவதால் பாகப்பிரிவினை செய்யப்பட்டது. எனக்கு 6:15க்கு முன் என்று ஒதுக்கீடானது. வீட்டுக்காரர் நான்.

(ஆ) தண்ணீர். ஜூலையில் மொட்டைமாடித் தொட்டி கொதிப்பதால் குளிர்நீர்க் குழாயில் வெந்நீர் வரும். ஹீட்டரை அணைத்துவிட்டால், ஏசி வீட்டுக்குள் இருக்கும் அதன் தொட்டி நீர் ஆறிப்போய், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும். இவ்வுண்மையை நமக்குக் கற்பித்தவர் உள்ளறைக்காரரே. அதற்கு முன் மூன்று கோடைகளை நாம் பக்கெட்டில் ஐஸ் போட்டுக் கழித்திருந்தோம்.

(இ) ஏசி. 24இல் வைக்கலாம் என்பது நம் கொள்கை. 18 என்பது அவர் அறைக் கதவிடுக்கின் வாக்குமூலம். ஒருநாள் இரவு ஒன்பதுக்கு அவர் கதவை நான் தட்டி, “தம்பி, கொஞ்சம் கூட்டி வைங்க” என்றபோது, திருவல்லிக்கேணி முற்றத்தில் ஒரு விளக்கு அணைவது கண்ணில் தெரிந்தது. வீட்டுக்காரர் ஆவதற்கு வீடு தேவையில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றால் போதும் என்பது இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு.

(ஈ) ஒலி. இங்கே எட்டரை என்றால் ஊரில் பத்து. அந்நேரம் அவர் மகள் வீடியோவில் வருவாள், வாய்ப்பாடு ஒப்பிப்பாள். பதினாறாம் வாய்ப்பாட்டில் பதினாறு ஏழு வரும்போது தடுக்கும். இந்தப் பக்கம் தோசை திருப்பிக்கொண்டே என் மனைவி, “நூத்திப் பன்னிரண்டு” என்று முணுமுணுப்பார். ஒலி எதிர்த்திசையிலும் செல்லும் ஆதலின், நம் வீட்டுச் சண்டைகள் அவர் வந்தபின் கண்சாடையால் நடந்தன. அறை விட்டதால் குடும்பம் சீர்பட்டது என்பது நம் துணிபு. அவ்வாறன்று, சொல்லவேண்டியதெல்லாம் சேர்ந்துபோயிற்று என்பர் ஒரு சாரார். ஒரு சாரார் என்றது என் மனைவியை.

5. புறனடை

ஜூலையில் பள்ளி மூடியதும் மனைவி, மக்கள் ஊருக்குப் போயினர். முதல் இயலில் நாமே வகுத்த வரையறைப்படி ஆக்கியோனும் பேச்சிலர் ஆனான். வீட்டில் இப்போது இரண்டு பேச்சிலர், ஃபேமிலி இல்லை. விதிகள் யாருக்காக விதிக்கப்பட்டனவோ அவர்கள் இல்லாதபோது விதி என் செய்யும் என்பது இலக்கணச் சிக்கல். அதை முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் தீர்த்தார். “அண்ணே, வஞ்சிரம் வாங்கியாந்திருக்கேன். அண்ணி வர்றதுக்குள்ள வாசம் போயிடும்.” ஏழு ஞாயிறுகள் பொரித்தோம். வாசம் போகவில்லை, திரைச்சீலைகளை மாற்றினோம்.

6. முடிவுரை

அடுத்த ஆண்டு அவருக்குச் சம்பளம் உயர்ந்தது. மனைவியும் மகளும் வந்தனர். ஷார்ஜா நஹ்தாவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் எடுத்தார். அவருக்கும் நான்கு செக். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார்.

“அண்ணே, ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. விடலாம்னு இருக்கேன். நீங்க கேட்டீங்களே, அந்தக் கேள்வி லிஸ்ட் இருக்கா?”

பதினான்கையும் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

“எல்லாம் சரிண்ணே. அந்த மீன் கேள்வியை மட்டும் முதல்ல போட்டுக்குறேன்.”