மினுங்குற டயரும் முறுக்குற கையும்

ஏங்கண்ணு, பைக்குல பின்னாடி டயரு புதுசாட்ட இருக்குது? மேல நீட்டிக்கிட்டு இருக்கற ரப்பர் மசுருகூட இன்னும் உதுரலை. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிச்சாச்சா? நீ பொறந்தப்பக்கூட உங்கொப்பன் இத்தனை போட்டோ எடுக்கலை சாமி.

சரி, திண்ணையில உக்காரு. டயரு மாத்துனவன் "மொத 150 கிலோமீட்டருக்கு முறுக்காதீங்க தம்பி"ன்னு சொல்லியிருப்பானே? காதுல ஒயரு மாட்டியிருந்தா ஒயருக்குத்தான் கேட்டிருக்கும். பொறவு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல வெள்ளைக்காரன் சொல்றதைக் கேட்டிருப்பே. அவனும் 100 மைலுன்னுதான் சொல்லுவான். 100 மைலுன்னா என்ன? 160 கிலோமீட்டரு. பஞ்சர் கடைக்காரன் சொன்னா வெறும் பேச்சு, தொப்பி போட்டவன் சொன்னா டெக்னாலஜியா?

அது ஏன் வழுக்குதுன்னு தெரியுமா? டயரு இரும்பு அச்சுக்குள்ள சூட்டுல வெந்து வருது. பணியாரக் கல்லோட வழவழப்பு பணியாரத்துக்கு வர்றதில்லையா, அந்த மாதிரி அச்சோட மினுமினுப்பு டயரு தோலுக்கு வந்துருது. அதுபோக, ரப்பர் சீக்கிரம் வெடிச்சுப் போகக் கூடாதுன்னு கலவையிலயே மெழுகு சேக்கறாங்க. அது மெல்ல மேல கசிஞ்சு நிக்கும். ரோடு தேச்சுத் தேச்சு அந்தத் தோலு போயி, தொட்டா சொரசொரங்கற வரைக்கும் முழுப் புடிப்பு வராது. ஏபிஎஸ் இருக்குதுங்கறயா? அது சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கும், அவ்வளவுதான். இல்லாத புடிப்பை அது எந்தச் சந்தையில போயி வாங்கிட்டு வரும்?

இன்னொண்ணும் இருக்குது. உன்ற பழைய டயரு நேர் ரோட்டுலயே ஓடி ஓடி நடுவுல தட்டையாப் போயிருந்துச்சு. வண்டியைச் சாய்க்கோணும்னா ஒரு தள்ளு தள்ளோணும். புதுசு உருண்டையா இருக்குது. பழைய நெனப்புல அதே தள்ளு தள்ளுனயின்னா வண்டி சடக்குன்னு சாஞ்சு குடுத்துரும். டயரு பழகுறது இருக்கட்டும், நீ பழகோணுமல்லோ?

இத்தனைக்கும் வைத்தியம், நாலு நாளு மெதுவா ஓட்டறதுதான். காசில்லாத வைத்தியம் பாரு, ஒருத்தனுக்கும் நம்பிக்கை வர மாட்டேங்குது. ஒருத்தன் உப்புத்தாளைக் கொண்டாந்து டயரைத் தேய்க்கறான். பெயிண்டா அடிக்கப் போறான்? இன்னொருத்தன் பெட்ரோல் ஊத்தித் துடைக்கறான். ரப்பருக்குப் பெட்ரோல் ஆகாதுன்னு அவனுக்கு ஆரு சொல்றது? உன்ற சேக்காளி ஒருத்தன் பல்லடம் ரோட்டுல இக்கட்டயும் அக்கட்டயும் நெளிஞ்சுக்கிட்டே போனான். என்னடான்னா டயருக்குச் சூடு ஏத்தறானாமா! ரேசு ஓட்டறவனுக்குக் கரண்டுல சூடாகற போர்வையச் சுத்தி வெச்சு டயரைக் குடுக்கறாங்க. அவனுக்கு எதுக்கால எருமையும் வராது, மினி பஸ்ஸும் வராது. நெளியறதுல டயரு சூடாகுதோ இல்லையோ, பின்னால வர்ற லாரிக்காரன் சூடாயிருவான். அத்தனை ஆசையின்னா செட்டிபாளையத்துல ரேஸ் டிராக்கு இருக்குது, அங்க போயி நெளியச் சொல்லு.

இதெல்லாங்கூடப் பரவால்லை. என்ற வயித்தெரிச்சலு அந்த வாட்டர் சர்வீஸ்தான். புது டயரு போட்ட மறுநாளே வண்டியை அங்க கொண்டுபோயி நிறுத்துவே, எனக்குத் தெரியாதா? ஒரு பையன் நுரை அடிப்பான், தண்ணி அடிப்பான், காத்து அடிப்பான். கடைசியா ஒரு துப்பாக்கியத் தூக்குவான். உள்ள என்ன? டீசலு! எஞ்சினு மினுங்கோணும், துரு ஏறக் கூடாதுன்னு அடியில முச்சூடும் புகையா அடிச்சு உடுவான். அது பறந்து எங்க உக்காரும்? டயரு மேல, டிஸ்க்கு மேல. அதுவும் பத்தாதுன்னு ஸ்பாஞ்சுல டயர் பாலீஷைத் தொட்டு ஒரு சுத்து. பக்கவாட்டோட நிறுத்துவானா? தரையில படற எடத்தையும் சேத்து நெம்பப் பாசமாத் தேச்சு உடுவான். நீ அதுக்குப் பத்து ரூவா டிப்ஸு குடுப்பே. வழுக்கி உழறதுக்கு ஆளு வெச்சுக் காசு குடுக்கறவனை இந்தக் காலத்துலதான் பாக்கறேன். டீசலும் வேண்டாம், பாலீஷும் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிப்போடு. பட்டுப் போச்சா? ஓட்டறதுக்கு முன்னால சோப்புத் தண்ணி போட்டு நல்லாத் தேச்சுக் கழுவு.

ஓட்டறதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. காஞ்ச ரோட்டுல, வெயிலு ஏறுன பொறவு கெளம்பு. முன்னால போற வண்டிக்கு எப்பவும் உடற எடத்தைவிட ரெண்டு பங்கு எடம் உடு. பிரேக்கைச் சடார்னு அமுக்காதே, முன்னும் பின்னும் சேத்து மெதுவா இறுக்கு. திருப்பத்துல மொத நாளு நிமுந்தே போ. அடுத்த நாளு கொஞ்சம் சாயி. பொறவு இன்னுங் கொஞ்சம். நேர் ரோட்டுல ஆயிரம் கிலோமீட்டரு போனாலும் நடுவுலதான் தேஞ்சிருக்கும், ஓரம் கடையில வாங்குனப்ப இருந்தாப்பலயே மினுங்கும். அது தெரியாம, ஆழியாறு தாண்டி வால்பாறைக்குப் போற 40 கொண்டை ஊசி வளைவுல ஒரே நாள்ல ஓரத்தைத் தேச்சுப்போடறேன்னு போனயின்னா, தேயறது உன்ற முட்டியாத்தான் இருக்கும். வழியில சோளமோ கொள்ளோ காயப் போட்டிருப்பாங்க, எம்-சாண்டு சிந்திக் கெடக்கும். அது மேல பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம், நேராப் போ. நனைஞ்ச வெள்ளைக் கோட்டு மேலயும் அப்படியேதான். மழை வந்தா? ரோட்டோரம் டீக்கடை எதுக்கு இருக்குது?

எங்க, குனிஞ்சு பாரு. பக்கவாட்டுல அம்புக்குறி, சக்கரம் சுத்தற பக்கம் பாத்திருக்குதா? ரிம்மை ஒட்டி ஒரு கோடு சுத்தியும் வருது பாரு, அது எல்லா எடத்துலயும் ஒரே அளவாத் தெரியோணும். ஒரு பக்கம் உள்ள முங்கியிருந்தா டயரு சரியா உக்காரலைன்னு அர்த்தம், வந்த வழியே திருப்பிக் கொண்டுபோ. பக்கவாட்டுலயே செஞ்ச தேதிக்கு நாலு நம்பர் போட்டிருக்கும், அதைப் படி. 2324 இருக்குதா? 2024ல 23வது வாரம் செஞ்சது. 1519னு இருந்திருந்தா, 2019ல இருந்து கடையில ஓய்வெடுத்த டயரு. பில்லைப் பாக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இது. வண்டி ஆறியிருக்கறப்பக் காத்து அடி, வண்டியோட குடுத்த புஸ்தகத்துல போட்டிருக்கற அளவுக்கு. "காத்தைக் கொறச்சா புடிப்பு சாஸ்தி"ம்பான் ஒரு மேதாவி, கும்புடு போட்டு அனுப்பீரு. நாளைக்குக் காலையில இன்னொருக்கா அளந்து பாரு. பிரேக் லீவரை நின்ன எடத்துலயே நாலு தடவை அமுக்கு. சக்கரத்தைக் கழட்டி மாட்டுறப்ப டிஸ்க்குப் பிஸ்டன் உள்ள போயிருந்தா, மொத அமுக்கு சும்மா போயிரும். அது சந்தைக் கூட்டத்துல தெரியறதைவிட என்ற வாசல்ல தெரியறது மேலு.

சரி, 150 கிலோமீட்டரைச் சும்மா எதுக்கு ஓட்டறே? பெட்ரோலு என்ன, வாய்க்காத் தண்ணியா? நாளைக்கு வெள்ளக்கோயிலு போ, உங்கத்தை ஊட்டுல இந்தக் கல்யாணப் பத்திரிகையை வெச்சுட்டு வா. நாளன்னிக்குத் தாராபுரம். என்ற மூக்குக்கண்ணாடி தயாராயிருச்சாமா. மூணாம் நாளு சென்னிமலை. மலை ரோட்டு வளைவுல கொஞ்சங் கொஞ்சமாச் சாஞ்சு பழகு, அப்படியே என்ற பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணீரு. என்ன மொறைக்கறே? உன்ற டயருக்காகத்தான் சாமி சொல்றேன். வரையில காங்கேயத்துல செக்குல ரெண்டு லிட்டரு தேங்காயெண்ணெய் வாங்கிட்டு வா. மூடியை இறுக்கித் தோள்பையில வெய்யி. பின்னால கட்டித் தொங்க உட்டு டயரு மேல சிந்திப்போட்டயின்னா, மறுபடியும் மொதல்ல இருந்து ஓட்டோணும். ஈரோட்டுலயும் எனக்கொரு வேலை கெடக்குது.