கோட்டுக்கு உள்ளே பிள்ளையார்

யுனெஸ்கோ 2008இல் மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. மலாக்கா செட்டி சமூகத்தினர் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் பாரம்பரிய மையப் பகுதியின் கோட்டுக்கு உள்ளே வந்தது. கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் காஜா பெராங் கம்போங் செட்டி கிராமம் அந்த மையப் பகுதிக்கு வெளியே நின்றது. பிள்ளையார் பாரம்பரியம், பக்தர்கள் புறநகர். பின்னாளில் அந்தக் கிராமத்தை ஒட்டியே அடுக்குமாடியும் ஹோட்டலும் திட்டமிடப்பட்டன. பாரம்பரியம் மேலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும் போலும்! கிராமத்தார் எதிர்த்தனர். நகர மையத்திலோ ஹலோ கிட்டி பொம்மை சூடிய பேச்சா எனும் மூன்று சக்கர ரிக்‌ஷாக்கள் பாட்டை அலறவிட்டபடி பயணிகளுக்கு வரலாற்றைச் சுற்றிக் காட்டுகின்றன. பொம்மையின் பூர்விகத்தை யாரும் கேட்பதில்லை. நிலைத்த சுற்றுலாவில் முதலில் நிலைக்க வேண்டியவர்கள் குடியிருப்போர். மாரியம்மனுக்கு டத்தோ சாச்சார் திருவிழா எடுப்பவர்கள் அவர்களே, பயண முகவர்கள் அல்ல.