ரயர் அண்ணை

மொன்றியல் தமிழரிடையே ஒக்டோபர் நடுப்பகுதியில் தலைகாட்டி, டிசம்பர் முதலாந் திகதியை ஒட்டி உச்சமடைபவர் ரயர் அண்ணை. பார்க் எக்ஸ்டென்சன் மளிகைக் கடை வாசல், டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோவில் கார் தரிப்பிடம், பிறந்தநாள் வீட்டில் கோட்டு மாட்டும் மூலை ஆகிய இடங்களில் இவரைக் காணலாம். வயது ஐம்பதுக்கு மேல். வாகனம் உயரமான எஸ்யூவி. அதில் பூட்டியிருப்பது ஓல் ரெறெய்ன் ரயர்: சேற்றுக்கும் கல்லுக்கும் மணலுக்கும் என்று செய்த, பெரிய கட்டைகளும் ஆழமான பள்ளங்களும் கொண்ட சாமான். அது அன்றாடம் கடக்கும் காடு கரம்பை, மெற்றோபொலிற்றன் நெடுஞ்சாலை. (அந்தச் சாலையின் குழிகளில் விழுந்து எழும்பியவர்கள் இதற்காக அவரைப் பழிக்கமாட்டார்கள்.)

ஆளைக் கண்டால் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார். சட்டைப்பையிலிருந்து 25 சத நாணயம் வரும். அதிலுள்ள கரிபூ மானைத் தலைகீழாகப் பள்ளத்துள் இறக்கி, மூக்கு வெளியே தெரிந்தால் ரயர் முடிந்தது. பிறகு தீர்ப்பு: “தம்பி, உது ஓல் சீசன் எல்லோ. டிசம்பரில உதோட ஓடினா பொலிஸ் மறிப்பான்.”

இதுவரை அவர் சொல்வது முழுக்கச் சரி. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம். 2008இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொடக்க நாள் டிசம்பர் 15; 2019இல் அதை இரண்டு கிழமை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். தண்டம் 200 டொலரில் தொடங்கும். ரயரின் பக்கவாட்டில், மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை இருக்கவேண்டும், அல்லது அது ஆணி பதித்த ரயராக இருக்கவேண்டும். ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் 2014 டிசம்பருக்குப் பின் செல்லாது. ஓல் ரெறெய்ன் ரயர்களில் சிலவற்றுக்கு அந்த முத்திரை உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. அண்ணையுடையதற்கு உண்டு, கேட்காமலே காட்டுவார்.

அந்த முத்திரையின்மேல் கட்டிய சித்தாந்தம்: பன்னிரண்டு மாதமும் ஒரே ரயர். மாற்றும் கூலி மிச்சம், கராஜில் நவம்பர் வரிசை இல்லை, நிலவறையில் நாலு ரயர் அடுக்கத் தேவையில்லை. பாரமான ரயர் குடிக்கும் பெற்றோல் இந்தக் கணக்கில் வராது. அதன் இரைச்சலும் வராது. காருக்குள் நாதஸ்வரம் அவ்வளவு உரத்துப் போவதன் காரணம் பக்தி மட்டுமல்ல.

முழங்காலளவு புதுப்பனி விழுந்து, தெரு இன்னும் வழிக்கப்படாத காலையில் அண்ணை ராசாதான். பெரிய கட்டைகள் பனியைக் கவ்வித் தள்ளும். புதைந்த அயலவர் காரை இழுத்துவிட்டு, மாசி வரைக்கும் அதைச் சொல்வார். சித்தாந்தம் வழுக்குவது ஐசில். முத்திரைக்கான சோதனை, இறுகிய பனியில் ரயர் எவ்வளவு இழுக்கிறது என்பதை அளக்கும். ஐசில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை அளக்காது. ஐசைப் பிடிப்பவை, குளிரில் இறுகாத மென்ரப்பரும் அதில் கீறிய மயிரிழை வெட்டுகளும். ஓல் ரெறெய்ன் ரப்பரோ கல்லில் கிழியாமலிருக்கவென்று செய்தது. நாலு சக்கரமும் இழுப்பது புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது.

2016 டிசம்பர் 5 அன்று மொன்றியலின் பீவர் ஹோல் சரிவில் பேருந்துகளும் பொலிஸ் காரும் பனி வழிக்கும் வாகனமும் சறுக்கி மோதிய காணொளி உலகைச் சுற்றியது. அந்த ஆண்டுக்கான ரயர் கட்டாயம் தொடங்க அப்போது இன்னும் 10 நாள் இருந்தது. அண்ணை அதைப் பலமுறை பார்த்திருக்கிறார். “உதில ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல” என்பது அவர் கருத்து.

அண்ணியின் சிறிய காரில் இருப்பது அசல் ஸ்நோ ரயர். நவம்பரிலேயே அண்ணை தன் கையால் பூட்டியது. உறைமழை அறிவித்த நாளில் அவர் எடுத்துக்கொண்டு போவதும் அந்தக் காரைத்தான். எஸ்யூவி ஏன் வீட்டில் நிற்கிறது என்று கேட்டால் மறுமொழி தயாராக இருக்கும்: “ரோட்டில உப்புப் போட்டிருக்கிறான். என்ர வாகனம் கறள் பிடிச்சிடும்.”