மருமகன் கிளப்பிய புதையல்

தம்புள்ளைக்குப் பக்கத்து இப்பன்கட்டுவ ஆட்கள் கெட்டிக்காரர்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே, செத்தவரின் சாம்பலைக் கற்பலகைப் பெட்டிக்குள் வைத்து, மணிமாலையையும் கூடவே போட்டு மூடிவிட்டார்கள். கார்னீலியன், ஒனிக்ஸ் என்று தூரதேசத்துக் கற்கள். பிள்ளைகள் அடிபட மிச்சம் குறைவு.

ஆயிரம் வருடம் கழித்து அனுராதபுரத்தில் ஆண்ட தாதுசேனனுக்கு இந்தப் புத்தி வரவில்லை. சகோதரி மகன் மிகாரனுக்குப் பெண்ணைக் கொடுத்தான். முறை மாப்பிள்ளை, சேனாதிபதி வேறு. அவன் ஒரு குற்றமும் செய்யாத பெண்டாட்டியைச் சவுக்கால் அடித்தான். மாமன் மாப்பிள்ளையைத் தொட்டானா? இல்லை. சம்பந்தியை, அதாவது கூடப்பிறந்தவளையே, எரித்தான். சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. நமது சம்பந்திச் சண்டைகள் கலியாண வீட்டுச் சாப்பாட்டோடு முடிவது எவ்வளவு பெரிய முன்னேற்றம்!

மிகாரன் பேசாமலிருப்பானா? ராசாவின் மூத்த மகன் காசியப்பனின் காதைக் கடித்தான்: கொப்பர் புதையலை இளையவன் மொகல்லானனுக்கு ஒளித்து வைத்திருக்கிறார். காசியப்பன் தகப்பனைச் சிறையில் போட்டு, எங்கே என்று குடைந்தான். கிழவர் கலாவெவக் குளத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். உடைந்த வண்டி ஒன்று கிடைத்தது. வண்டிக்காரன் தான் கொறித்த பொரியில் கொஞ்சம் கொடுத்தான். ராசா சந்தோசமாகத் தின்றார். தான் கட்டிய குளத்தில் இறங்கிக் குளித்தார், தண்ணீர் குடித்தார், என்னிடம் உள்ள சொத்து இவ்வளவுதான் என்றார்.

குளத்தைப் பெட்டியில் பூட்ட முடியுமா? மகனுக்குக் கோபம். மிகாரன் மாமனைச் சங்கிலியால் கட்டி, உயிரோடு சுவருக்குள் வைத்து மண் பூசினான். புதையலும் இல்லை, கல்லறைக்கு ஒரு மணிமாலையும் இல்லை.

477இல் முடிசூடிய காசியப்பன் தம்பிக்குப் பயந்து சிகிரியாப் பாறைமேல் ஏறிக்கொண்டான். பதினெட்டு வருடம். கடைசியில் இந்தியாவுக்குத் தப்பியோடிய தம்பி அங்கிருந்து படையோடு வர, காசியப்பனின் யானை சேற்றைக் கண்டு வழி விலகியது. ராசா ஓடுகிறார் என்று படையும் ஓடியது. காசியப்பன் கத்தியைத் தன் கழுத்திலேயே வைத்தான்.

காலப்போக்கில் பாறையைக் காடு மூடியது. 1831இல் மேஜர் ஃபோர்ப்ஸ் குதிரையில் வந்து பார்த்தார், 1890களில் எச்.சி.பி. பெல் வெட்டிக் கிளறினார். இடைப்பட்ட நூற்றாண்டுகளிலும் ஊர்ச்சனம் வராமலில்லை. கண்ணாடிச் சுவர் எனப்படும் பளபளப்பான சுவரில் அவர்கள் கிறுக்கிய 685 பாடல்களைத் தொல்லியலாளர் பரணவிதான வாசித்து 1956இல் வெளியிட்டார். அப்பனைக் கொன்ற ராசாவின் வீட்டுச் சுவர். எழுதியதோ பெரும்பாலும் மேலே தீட்டியிருந்த பொம்பிளைகளைப் பற்றி.