பனிக்கு முன் மெழுகு: ஸ்காபரோ மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி

கனடாவில் ஒக்ரோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். அதையொட்டிய நீண்ட வார இறுதியில் ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் நடுத்தர வயது ஆண்கள் வாளியும் துணியுமாகக் காரை வலம் வருவதைக் காணலாம். வெயில் போய்விட்டது, வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போய்விட்டால் மெழுகு சரியாகக் காயாது, நவம்பரில் பனியை உருக்க நகராட்சி வீதிகளில் உப்பைக் கொட்டத் தொடங்கிவிடும். இது பருவம் அறிந்து செய்யும் தொழில் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. எந்த மெழுகு என்பதில்தான் வேறுபாடு. அதில் மூன்று மதங்கள் உள.

முதலாவது கர்னாபா மதம். மூன்றில் பழையது, மணமுள்ளது. கர்னாபா என்பது வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்துப் பனை. தன் ஈரம் வெயிலில் போய்விடாதிருக்க ஓலைமேல் தானே மெழுகைச் சுரந்துகொள்ளும். ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். உருக வேண்டுமானால் 82 பாகைக்கு மேல் சூடு வேண்டும். தேன்மெழுகு 65 பாகைக்குள்ளேயே இளகிவிடும். 1935இல் அமெரிக்காவின் ஜோன்சன் மெழுகு நிறுவனத் தலைவர் நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானம் ஒன்றில் ஏறி, இந்தப் பனையைத் தேடிப் பிரேசில்வரை பறந்தார். வேரிலிருந்து குருத்துவரை பனையில் எதையும் வீணாக்காத யாழ்ப்பாணத்தாருக்கு, நம் பனைக்கு மட்டும் இந்த வித்தை தெரியாமற் போனது வருத்தமே. நிற்க. வெயிலுக்கு அஞ்சிய மரத்தின் மெழுகைப் பனிக்கு எதிராக நிறுத்துவது எங்ஙனம் பொருந்தும் என்பது எதிர்ப்பக்கத்தாரின் தடை. பளபளப்பு இரண்டு மாதத்தில் மங்கிவிடும் என்பது அவர்களின் இன்னொரு தடை. இரண்டாவதற்கு விடை இல்லை.

அடுத்தது பாலிமர் மதம். ஆய்வுகூடத்தில் பிறந்தது, மணமற்றது, நாலைந்து மாதம் நிற்பது. கணக்குத் தெரிந்தவர்கள் இதையே தழுவுவர். மூன்றாவதான செராமிக் மதம் சிலிக்காவை நம்புகிறது. ஒருமுறை தீட்சை பெற்றால் சில ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்பது கொள்கை; தட்சிணையைப் பற்றி அம்மதத்தார் மனைவியர் முன்னிலையில் பேசுவதில்லை.

இவற்றிடையே சமரசம் கண்டவர்களும் உண்டு. நியூயோர்க் மாநிலத்து யுற்றிக்கா நகரின் கொலினைட் நிறுவனம் 845 என்ற எண்ணில் விற்கும் மெழுகு, மின்கம்பத்துப் பீங்கான் காப்பான்களுக்காக உருவானது. கர்னாபாவும் பாலிமரும் அதில் கலந்திருக்கின்றன. குளிரில் இது போத்தலுக்குள்ளேயே இறுகிவிடும் ஆதலால், பூசுமுன் போத்தலைச் சுடுநீரில் வைக்க வேண்டும். குளிரிலிருந்து காரைக் காக்க வந்ததை முதலில் குளிரிலிருந்து நாம் காப்பது முரணன்றோ எனின், அற்றன்று. காவலாளிக்கும் கோப்பி கொடுக்கிறோம்.

இனி, பூசியது பிடித்ததா என்பதற்குப் பிரமாணம் யாது? நீர்த்துளி. துளி பரப்பைத் தொடும் கோணம் 90 பாகையைத் தாண்டினால் நீர் பரவாது, முத்தாகத் திரளும். தோமஸ் யங் இந்தக் கோணத்தை 1805இலேயே ஆராய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டார் ஒவ்வொரு மழைக்கும் மறு ஆய்வு செய்கிறார்.

"அண்ணை, என்ன வக்ஸ் போட்டனீங்கள்?"

"சும்மா வீட்டில கிடந்ததைப் போட்டன் தம்பி."

இவ்விடையை நம்பிய ஆய்வாளர் எவருமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழுப்புதல் எம் கடன். பழுதில்லாத பெயிண்டை உப்பு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கல் தெறித்த புள்ளி, கதவின் அடிமடிப்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, காரின் வயிறு ஆகியவற்றின் வழியாகத்தான் அது இரும்பை அடைகிறது. அங்கெல்லாம் யார் மெழுகு பூசினார்? யாவரும் பொனெற்றுக்கு மூன்று பூச்சும் கதவின் கீழ்ப்பாதிக்கு அரைப் பூச்சும் பூசுகிறோம். கீழிருந்து துரு ஏறுகிறது, மேலே மூன்று மதமும் வாதிடுகின்றன. உப்பு நீரும் −21 பாகையோடு உறைந்து தோற்றுவிடும் என்பதால், கடுங்குளிரில் ரொறொன்ரோ வீதிகளில் பீற்றூட் சாறும் கலந்து தெளிப்பதுண்டு. அந்தக் குழம்பு காய்ந்த ஜனவரி மாதத்தில் கர்னாபாக் காரையும் செராமிக் காரையும் மெழுகே காணாத காரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். மூன்றும் ஒரே சாம்பல் நிறம். அத்துவைதம் என்பது இதுவே. கதவைக் கோட்டுக் கையால் துடைத்து, கூரைப் பனியை விளக்குமாற்றால் தள்ளி, மிஞ்சிய பளபளப்பையும் கீறிவிடுபவர் பெரும்பாலும் உரிமையாளரே.

அப்படியானால் மெழுகு வீணா? வீண் அன்று. மெழுகிட்ட பரப்பில் உப்பழுக்கு இறுகப் பிடிக்காது, கழுவும்போது சட்டென்று விட்டுவிடும். அதற்கு நாலைந்து மாதம் நிற்கும் பாலிமரே போதும் என்பது எம் துணிபு. காரின் வயிற்றுக்கு ஒக்ரோபரிலேயே எண்ணெய் தெளிப்பித்துவிட வேண்டும். மெழுகில் இரண்டு பூச்சு கதவின் கீழ்ப்பாதிக்கு, ஒன்று பொனெற்றுக்கு. முன்கண்ணாடிக்குப் பூசற்க, வைப்பர் கீச்சிடும்.

ஒரு போத்தல் ஒரு காருக்குப் பல ஆண்டுகள் வரும். அங்ஙனமாகவும், கராஜ் தட்டில் பாதி தீர்ந்த ஐந்து போத்தல்கள் நிற்க, ஆறாவதை வாங்குவது ஏன் என்ற வினா வீடுதோறும் எழுப்பப்பட்டுள்ளது. எம் வீட்டு வினா நிலுவையில் உள்ளது.